மிதாலி ராஜுக்குக் கிடைத்தவை 12 டெஸ்டுகள்: இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், செயலர், உயர்மட்டக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் பதின்பருவப் பெண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்களில் ஒருவராக இந்த மடலை எழுதுகிறேன். இந்தியப் பெண்கள் அணிக்கு ஆண்டுதோறும் பலநாள் ஆட்டங்களான டெஸ்டுகள் உறுதியாகக் கிடைக்க வேண்டும். அவற்றுக்குத் தயாராகும் வகையில் மாநில அளவிலிருந்தே பலநாள் போட்டிகள் நடக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். இந்தக் கோரிக்கை எவ்வளவு நியாயமானது என்பதைக் காட்ட, இந்திய அணியின் முன்னாள் கேப்டன் மிதாலி ராஜின், தங்கள் ஆவணங்களிலேயே இருக்கும் ஆட்ட வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன்.

மிதாலி 1999 ஜூன் 26 அன்று, தமது பதினாறாம் வயதில், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் அயர்லாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகமாகி, ஆட்டமிழக்காமல் 114 ரன்கள் எடுத்தார். டெஸ்ட் ஆடும் வாய்ப்பு 2002 ஜனவரியில் லக்னோவில் வந்தது. அங்கே ரன் எடுக்காமல் வெளியேறினார். அதே ஆண்டு ஆகஸ்டில், தமது மூன்றாவது டெஸ்டில், டான்டன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 214 ரன்கள் குவித்தபோது, பெண்கள் டெஸ்டில் அதுவரை எவரும் எடுத்திராத உயர்ந்த தனிநபர் ரன்கள் என்ற சாதனை அவர் பெயருக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 19.

அந்த வயதில் அப்படி ஆடிய ஒருவர் அடுத்த இருபது ஆண்டுகளில் எத்தனை டெஸ்டுகள் ஆடியிருப்பார் என்று விவரம் தெரியாத ஒருவரைக் கேட்டால், எண்பது என்றோ நூறு என்றோ சொல்லக்கூடும். மிதாலி ஆடியவை இன்னும் ஒன்பது. 2006ஆம் ஆண்டு முடிவதற்குள் எட்டு டெஸ்டுகளை முடித்திருந்தவருக்கு, அதன்பின் 2014 ஆகஸ்ட் வரை ஒரு டெஸ்ட்கூட இல்லை. ஒரு மட்டையாளரின் 24ஆம் வயதிலிருந்து 31ஆம் வயது வரையிலான காலம் அது. 2014இல் இரண்டு, 2021இல் இரண்டு என்று மொத்தம் 12 டெஸ்டுகள், 699 ரன்கள், சராசரி 43.68 என்பதோடு அவரது டெஸ்ட் கணக்கு நின்றுவிட்டது. ஒருநாள் ஆட்டங்களில் 232 முறை களமிறங்கி, 50.68 சராசரியில் 7,805 ரன்கள் எடுத்து, ஆறு உலகக் கோப்பைகளில் ஆடி, 2022 ஜூன் 8 அன்று ஓய்வை அறிவித்தவர் அவர். ஏறக்குறைய இதே நீளமுள்ள ஆட்ட வாழ்க்கை கொண்ட சச்சின் டெண்டுல்கர் 200 டெஸ்டுகள் ஆடினார் என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

மிதாலியின் ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். அவர் மெதுவாக ஆடுகிறார் என்ற குறை, குறிப்பாக அவரது கடைசிப் பத்தாண்டுகளில், விடாமல் சொல்லப்பட்டது. டி20 அணியில் அவர் இடம் பற்றிய சர்ச்சைகளும் 2019இல் அந்த வடிவத்திலிருந்து அவர் விலகியதும் எல்லாரும் அறிந்தவை. ஆனால் பந்தைத் தாமதமாக, உடலுக்கு அருகில் விட்டு ஆடும் அவரது முறையும், ஒரு ரன்னுக்காகக் காத்திருக்கும் பொறுமையும், நாள் முழுவதும் களத்தில் நின்று இன்னிங்ஸைக் கட்டும் மனமும் நான்கு நாள், ஐந்து நாள் ஆட்டத்துக்கே உரியவை. எந்த வடிவத்துக்காக அவரது ஆட்டம் உருவானதோ அந்த வடிவத்தை அவருக்குக் கொடுக்காமல், மற்ற வடிவங்களின் அளவுகோலை வைத்து அவரை மதிப்பிட்டோம். 232 ஒருநாள் ஆட்டங்களில் அவர் 50க்கு மேல் சராசரி வைத்திருந்தது அவரது பெருமை. 12 டெஸ்டுகளோடு அவரது கணக்கு முடிந்தது நம் நிர்வாகத்தின் குறை.

முன்பு இப்படி இருக்கவில்லை என்பதுதான் மனத்தை மிகவும் உறுத்துகிறது. 1973இல் தொடங்கப்பட்ட இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கத்திடம் பணம் இல்லை, விளம்பரதாரர் இல்லை, தொலைக்காட்சி இல்லை. ஆனாலும் 1976இல் மேற்கிந்தியத் தீவுகள் அணியை அழைத்து ஆறு டெஸ்டுகள் கொண்ட தொடரை அது நடத்தியது. சாந்தா ரங்கசாமியின் தலைமையில் பாட்னாவில் இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த, தமிழ்நாட்டுக்காக ஆடிய சுதா ஷா 1976 முதல் 1991 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் 21 டெஸ்டுகள் ஆடினார். டயானா எடுல்ஜி ஆடியவை 20. முன்பதிவில்லாத ரயில் பெட்டிகளில் பயணம் செய்து, கூடங்களில் தரையில் படுத்துறங்கி ஆடிய அந்தப் பெண்களுக்குக் கிடைத்த டெஸ்டுகள், உலகின் மிகச் செல்வமான கிரிக்கெட் வாரியத்தின் கீழ் ஆடிய மிதாலிக்கும், 2002 முதல் 2022 வரை பந்துவீசிய ஜூலன் கோஸ்வாமிக்கும் கிடைக்கவில்லை. ஜூலன் ஆடியவையும் 12 டெஸ்டுகள்தான். 2006இல் டான்டனில் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட்டுகளாகப் பத்து விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியப் பெண்களுக்கு முதல் டெஸ்ட் தொடர் வெற்றியைத் தேடித் தந்த வேகப்பந்து வீச்சாளருக்கு, அடுத்த டெஸ்ட் எட்டு ஆண்டுகள் கழித்தே வந்தது. பெண்கள் கிரிக்கெட்டின் நிர்வாகம் தங்கள் கைக்கு வந்ததும் அதே 2006ஆம் ஆண்டில்தான். ஊதியம், தங்குமிடம், மைதானம், மருத்துவ வசதி எல்லாம் அதன்பின் மேம்பட்டன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். டெஸ்ட் ஆட்டம் மட்டும் அந்த மாற்றத்தில் காணாமல் போனது.

எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2014 ஆகஸ்டில் வோர்ம்ஸ்லியில் இங்கிலாந்தை எதிர்த்து நின்ற இந்திய அணியில் எட்டுப் பேர் அன்றுதான் முதல் டெஸ்ட் ஆடினார்கள். இங்கிலாந்து வீராங்கனைகள் முழுநேர ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். நம் வீராங்கனைகளுக்கு ஆண்டு ஒப்பந்தம் என்பதே 2015இல்தான் வந்தது. அப்படிப்பட்ட அணி, இங்கிலாந்தை முதல் இன்னிங்ஸில் 92 ரன்களுக்குச் சுருட்டி, 181 என்ற இலக்கைத் துரத்தி ஆறு விக்கெட்டில் வென்றது. முதல் நாளில் நான்கு விக்கெட் எடுத்தவர் சென்னையின் நிரஞ்சனா நாகராஜன். இலக்கைத் துரத்தியபோது கடைசிவரை ஆட்டமிழக்காமல் ஐம்பது ரன்களோடு நின்றவர் கேப்டன் மிதாலி. மூன்று மாதம் கழித்து மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக, சென்னையைச் சேர்ந்த இன்னொருவரான திருஷ் காமினி 192 ரன்கள் எடுத்தார். பூனம் ராவத்தோடு அவர் இரண்டாவது விக்கெட்டுக்குச் சேர்த்தவை 275 ரன்கள். இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. இரட்டைச் சதத்தை எட்டு ரன்களில் தவறவிட்ட காமினிக்கு அது இரண்டாவது டெஸ்ட். அதுவே கடைசி டெஸ்டும் ஆயிற்று. நிரஞ்சனாவுக்கும் அப்படியே. அவர்கள் ஆட்டத்தில் தேய்ந்து அணியிலிருந்து வெளியேறியிருந்தால் நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் 2014 நவம்பருக்குப் பிறகு 2021 ஜூன் வரை இந்தியப் பெண்களுக்கு டெஸ்டே நடக்கவில்லை. தேர்வுக்குழு காமினியை நீக்கவில்லை. நீக்குவதற்கு ஓர் அணியே அமைக்கப்படவில்லை.

2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்ட ஊதியம் என்று தாங்கள் அறிவித்தபோது, டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம் என்ற அந்த அறிவிப்பை என்னிடம் பயிலும் பிள்ளைகளுக்கு நானே வாசித்துக் காட்டினேன். அது வரலாற்று முடிவு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆயினும் 2024ஆம் ஆண்டில் இந்திய ஆண்கள் அணி 15 டெஸ்டுகள் ஆடியது, பெண்கள் அணி ஒன்று ஆடியது. 2025இல் ஆண்கள் பத்து ஆடினார்கள், பெண்கள் ஒன்றுகூட ஆடவில்லை. அந்த ஊதியப் பட்டியலின் முதல் வரியில் உள்ள 15 லட்சம் ஒரு வீராங்கனையின் கைக்கு ஓராண்டு முழுவதும் வரவே வராது என்றால், அங்கே சமத்துவம் தாளளவில் நிற்கிறது.

எதிரணி கிடைக்கவில்லை என்பதும் காரணமாக இருக்க முடியாது. 2024 அக்டோபரில் நியூசிலாந்து அகமதாபாத்துக்கு வந்தது. டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் வந்தது. 2025 ஜனவரியில் அயர்லாந்து ராஜ்கோட்டில் ஆடியது. செப்டம்பரில் ஆஸ்திரேலியா வந்தது. டிசம்பரில் இலங்கை ஐந்து டி20 ஆட்டங்கள் ஆடிவிட்டுச் சென்றது. இந்த ஐந்து வருகைகளில் ஒன்றில்கூட டெஸ்ட் இல்லை. 1976இல் நம் மண்ணில் ஆறு டெஸ்டுகள் ஆடிய மேற்கிந்தியத் தீவுகளும் அவற்றில் ஒன்று. 2026க்கான அட்டவணையில் பெர்த் டெஸ்டும் லார்ட்ஸ் டெஸ்டும் இடம்பெற்றதை மகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். ஆனால் அவை ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் விருந்தளிக்கும் ஆட்டங்கள். நம் வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது.

வாய்ப்புக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூன் இறுதியில் சேப்பாக்கத்தில் கண்ணாரக் கண்டோம். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான அந்த டெஸ்டின் முதல் நாளில் மட்டும் இந்தியா நான்கு விக்கெட்டுக்கு 525 ரன்கள் குவித்தது. ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் முதல் விக்கெட்டுக்கு 292 ரன்கள் சேர்த்தார்கள். ஸ்மிருதி 149 எடுக்க, ஷஃபாலி 194 பந்துகளில் இரட்டைச் சதத்தை எட்டினார். மிதாலிக்குப் பிறகு டெஸ்டில் இரட்டைச் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். இடையில் ஓடியவை 22 ஆண்டுகள்.

என்னைப் பொறுத்தவரை அந்த ஆட்டத்தின் செழுமை ரன் குவிப்போடு முடியவில்லை. ஸ்னேஹ் ராணா 77 ரன்களுக்கு எட்டு விக்கெட் எடுத்து எதிரணியை 266க்குள் மடக்கி, ஃபாலோ ஆன் கொடுத்து உடனே மறுபடி மட்டையாட வைத்தபின், சென்னை வெயிலில் தென்னாப்பிரிக்கா 150 ஓவர்களுக்கு மேல் தாக்குப்பிடித்தது. சூனே லூஸ் 109, லாரா வோல்வார்ட் 122. நம் சுழற்பந்து வீச்சாளர்கள் ஒரே முனையில் நீண்ட நேரம் வீசி, ஒரே மட்டையாளருக்கு வெவ்வேறு கோணம், வெவ்வேறு வேகம் என்று மாற்றி மாற்றி முயன்று, களத் தடுப்பை ஓவருக்கு ஓவர் நகர்த்தி, சலிக்காமல் காத்திருந்தார்கள். நாலு ஓவரில் முடிந்துவிடும் டி20 பந்துவீச்சில் இதைக் கற்க வழியில்லை. நான்காம் நாளில்தான் இந்தியா பத்து விக்கெட்டில் வென்றது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 2023 டிசம்பரில், நவி மும்பையில் இங்கிலாந்தை 347 ரன்களில் வென்றதும், வான்கடேயில் ஆஸ்திரேலியாவை டெஸ்டில் முதன்முறையாக வீழ்த்தியதும் இதே அணிதான். அடுத்தடுத்து மூன்று டெஸ்ட் வெற்றிகள் பெற்ற அணிக்கு அதன்பின் ஒன்றரை ஆண்டு நம் மண்ணில் டெஸ்டே இல்லாமல் போனது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மேலே நடப்பது இப்படி இருக்க, கீழே வலைப்பயிற்சியில் நடப்பதையும் தாங்கள் அறிய வேண்டும். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வலைக்குள் நிற்கிறாள். பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, நல்ல நீளத்தில் விழுந்து வெளியே போகிறது. அதை விட்டுவிடலாம் என்று நான் சொல்கிறேன். அவள் விடுவதில்லை, கை தானாக நீள்கிறது. அவளிடம் பிழையில்லை. அவள் ஆடியிருக்கும் எல்லாப் போட்டிகளும் வெள்ளைப் பந்தில், ஓவர் கணக்கில் நடந்தவை. விடப்படும் ஒவ்வொரு பந்தும் அங்கே வீணான பந்து. அதே மைதானத்தின் மறுபக்கத்தில், அவள் வயதுப் பையன் மாநிலங்களுக்கிடையிலான 16 வயதுக்குட்பட்டோருக்கான பலநாள் போட்டிக்காகத் தயாராகிறான். காலையில் பந்து ஸ்விங் ஆகும் முதல் ஒரு மணி நேரத்தைக் கடத்துவது, மாலையில் களைத்த பந்துவீச்சை ரன்னாக்குவது, மறுநாள் மீண்டும் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வது எல்லாம் அவனுக்கு அந்த வயதிலேயே பழகிவிடுகின்றன. பந்துவீசும் பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஒரு நாளில் பத்து ஓவருக்கு மேல் வீசியே அறியாத உடல், திடீரென்று ஒரு டெஸ்டில் இருபது ஓவர் வீசி, மறுநாளும் ஓடிவர வேண்டும் என்றால், அது காயத்தை அழைப்பதாகும்.

மண்டலங்களுக்கிடையிலான பெண்களின் பலநாள் கோப்பையை 2024இல் தாங்கள் மீண்டும் தொடங்கியது நல்ல முடிவு. ஆறு மண்டல அணிகள், மூன்று நாள் ஆட்டங்கள் என்ற அந்த அமைப்பில் இடம்பெறுவோர் நாடு முழுவதிலும் நூறு பேர் அளவில்தான் இருக்க முடியும். மாநில அணிக்காக ஆடும் மற்றவர்களுக்கு ஒருநாள் போட்டியும் டி20யும் தவிர வேறில்லை. ஆண்களுக்கான மாநிலப் பலநாள் போட்டியான ரஞ்சிக் கோப்பை இல்லாமல் ஆண்கள் டெஸ்ட் அணியை உருவாக்க முடியும் என்று தங்களில் எவரும் சொல்ல மாட்டீர்கள்.

டெஸ்ட் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது, செலவுக்கு ஏற்ற வரவு இராது என்ற வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. டி20தான் பெண்கள் ஆட்டத்துக்குப் பணத்தையும் பார்வையாளரையும் கொண்டுவந்தது. பெண்கள் பிரீமியர் லீகின் ஒளிபரப்பு உரிமை ஐந்து ஆண்டுகளுக்கு 951 கோடி ரூபாய்க்கு விலைபோனது. ஐந்து அணிகளின் உரிமையால் ஏறத்தாழ 4,670 கோடி கிடைத்தது. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்களில் வென்று உலகக் கோப்பையை ஏந்திய இரவில் நாடே விழித்திருந்தது. தாங்களும் 51 கோடி ரூபாய் பரிசு அறிவித்தீர்கள். இவ்வளவு வரவுள்ள துறையில் ஆண்டுக்கு இரண்டு மூன்று டெஸ்டுகளின் செலவு தாங்க முடியாத சுமையாகிவிடாது. மேலும், ஆண்கள் டெஸ்டிலேயே பல மைதானங்கள் பாதி காலியாகத்தான் இருக்கின்றன. அதற்காக அவர்களது டெஸ்டுகளை யாரும் குறைக்கவில்லை.

இதில் தங்கள் பொறுப்பு இந்திய எல்லையோடு முடிவதுமில்லை. இலங்கைப் பெண்கள் அணி தன் வரலாற்றில் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1998இல் கொழும்பில் பாகிஸ்தானுக்கு எதிராக. அதை வென்றும் காட்டியது. அதற்குப் பின் வந்த சமரி அத்தபத்து போன்ற உலகத் தரமான மட்டையாளருக்கு டெஸ்ட் அறிமுகமே வாய்க்கவில்லை. நியூசிலாந்து 2004க்குப் பிறகு டெஸ்ட் ஆடவில்லை. 2006இல் அந்த அணிக்கு வந்த சூசி பேட்ஸுக்கும் அதே கதை. இந்த வாரியங்களுக்குத் தாமாகத் தொடங்கும் வசதி குறைவு. இந்தியா அழைத்தால் வருவார்கள். ஐந்து டி20 ஆட்டங்களுக்காக வரும் இலங்கை அணியை இன்னும் ஒரு வாரம் தங்கி ஒரு டெஸ்டும் ஆடச் சொல்ல, தங்களைவிட வசதியான வாரியம் உலகில் எது இருக்கிறது?

ஆகவே, இங்கே நடக்கும் இருதரப்புத் தொடர்களில் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டிலாவது ஒவ்வொரு டெஸ்டைச் சேர்க்க வேண்டுகிறேன். 2023இல் இங்கிலாந்தின் டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் நடந்த பெண்கள் டெஸ்டைப்போல அவற்றை ஐந்து நாள் ஆட்டங்களாக வைத்தால், மழையாலும் நேரக்குறைவாலும் முடிவின்றிப் போகும் ஆட்டங்கள் குறையும். மாநிலங்களுக்கிடையிலான பெண்களின் பலநாள் போட்டியை முதலில் மூத்தோர் பிரிவிலும், அடுத்து 19 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் தொடங்க வேண்டும். எல்லா மாநிலங்களாலும் உடனே முடியாதென்றால் பெண்கள் ஆட்டம் வேரூன்றிய எட்டு மாநிலங்களோடு தொடங்கினாலும் போதும். ஊதியச் சமத்துவத்தைத் தங்கள் செயலராக இருந்து அறிவித்த ஜெய் ஷா 2024 டிசம்பர் முதல் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலின் தலைவராக இருக்கிறார். ஆண்களுக்கு 2019 முதல் உள்ள உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பைப் பெண்களுக்கும் கொண்டுவரும் தீர்மானத்தை அங்கே முன்வைக்க இந்தியாவுக்கு இதைவிடப் பொருத்தமான காலம் அமையாது.

ஸ்மிருதி மந்தனா முதல் டெஸ்ட் ஆடியது 2014இல், தமது பதினெட்டாம் வயதில். 2025ஆம் ஆண்டு முடியும்போது அவர் ஆடியிருந்தவை ஏழு டெஸ்டுகள். ஹர்மன்பிரீத் கௌர் ஆடியிருந்தவை ஆறு. மிதாலிக்கு இனி எதையும் திருப்பித் தர இயலாது. இவர்களுக்கும், இவர்களுக்குப் பின்னால் வருகின்ற ஷஃபாலிக்கும் ஜெமிமாவுக்கும் இன்னும் காலம் இருக்கிறது. அடுத்த உள்நாட்டுப் பருவத்துக்கான பெண்கள் அணி அட்டவணையைத் தாங்கள் வெளியிடும்போது, அதில் எத்தனை டெஸ்டுகள் இருக்கின்றன என்பதையே முதலில் தேடுவேன். அதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் இந்த மடலையும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பெண்கள் கிரிக்கெட் பயிற்சியாளர்